நானோ தங்கச் சொட்டு குடித்தால் கட்டி கரையாது

புற்றுக்கட்டியைக் கரைக்கும் என்று நம்பி, நுண்ணிய தங்கத் துகள் கலந்த 'நானோ கோல்டு' சொட்டைக் குடித்துவிட்டு பாட்டிலோடு எங்களிடம் வருகிறவர்கள் குறையவே இல்லை. மார்பில் கட்டி 2 செ.மீ. இருக்கும்போதே ஆபரேஷன் செய்திருக்கலாம். ஆறு மாதம் சொட்டு குடித்துவிட்டு, அக்குளில் நெறி கட்டிய பிறகு வருகிறார்கள். வயிறு எரிகிறது.

அவர்கள் போனில் காட்டும் செய்தி பொய்யில்லை. புராஸ்டேட் புற்றுக்குத் தங்கத் துகள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2019-ல் வெளிவந்தது. மொத்தமே 16 பேர். சிலிக்கா உருண்டைமேல் தங்கப் பூச்சு, சுமார் 150 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). முதல் நாள் டிரிப்ஸில் ஏற்றினார்கள். மறுநாள் புராஸ்டேட்டுக்குள்ளேயே லேசர் இழையைச் செருகி அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். தங்கம் சூடேறியது, அந்தச் சூட்டில்தான் புற்றுச் செல்கள் வெந்தன. லேசர் இல்லையென்றால் அந்தத் துகள் சும்மா கிடக்கும். வீட்டில் குடிக்கும் சொட்டுக்கு லேசரை யார் பிடிப்பது?

'தங்கம் தானே கட்டியைத் தேடிப் போகும்' என்கிறார்கள். போகாது. ரத்தத்தில் நேராக ஏற்றிய நானோ துகளிலேயே கட்டியைச் சேர்வது நடு அளவாக (மீடியன்) 0.7 சதவீதம்தான், விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் சொன்ன கணக்கு இது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். வாயால் குடித்தால் குடலைத் தாண்டுவதே சொற்பம்.

ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு துகளையும் கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போட்டு, பிறகு கதிர்வீச்சு கொடுப்பார்கள். சதைப் புற்றில் (சார்கோமா) கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்குக் கட்டி ஏறக்குறைய முழுதும் செத்திருந்தது. துகளும் சேர்த்தவர்களில் 16 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கதிர்வீச்சையும் ஆபரேஷனையும் விட்டுவிட்டு வந்ததல்ல.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் 'நானோ' பாக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தில் உலோகமே கிடையாது, மருந்தைச் சுமப்பது ஆல்புமின் புரதம்தான். அதையும் இந்தச் சொட்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

தங்கத்துக்குப் பதில் வெள்ளித் துகள் கலந்த சொட்டு குடிக்கிறவர்கள் நகத்தையும் ஈறையும் கண்ணாடியில் பாருங்கள். சாம்பல் நீலம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். ஏறிய நிறம் பெரும்பாலும் போகாது.

'ஆராய்ச்சி மருந்து' என்று யாராவது சொன்னால் சிடிஆர்ஐ (CTRI, இந்திய மருந்துச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்ணையும், தமிழில் ஒப்புதல் படிவத்தையும் கேளுங்கள். சோதனை மருந்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே குடித்திருந்தால் மறைக்காதீர்கள், திட்ட மாட்டோம். பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைத் தொடங்கும் முன், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் கல்லீரல் என்சைம்களும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கியிருந்தால் மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும். பாட்டில் விஷயம் தெரியாமல் நாங்கள் டோஸ் போட்டுவிடக் கூடாது.