ஒரே செடியில் மொட்டும் பூவும் காயும்

நல்ல புகைப்படக் கருவிகள் எளிதில் கிடைக்கும் இந்தக் காலத்திலும், புதிய தாவர இனத்தை அறிவிக்கும் ஆய்வுக்கட்டுரைகள் கோட்டோவியத்தை விடாமல் வைத்திருப்பது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விடை தேட 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குப் போக வேண்டும்.

1491இல் மைன்ஸ் நகரில் அச்சான மூலிகை நூலொன்று, வேர் மனித உருவில் இருப்பதாக நம்பப்பட்ட மேண்ட்ரேக் என்ற செடியை ஆணுருவாகவும் பெண்ணுருவாகவும் காட்டியது. மூடநம்பிக்கை படமாக அச்சேறிவிட்டால் அதைக் களைவது மிகவும் கடினம். 1530இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் வெளியான தாவரவியலாளர் ஓட்டோ புரூன்ஃபெல்ஸின் மூலிகை நூலுக்காக ஓவியர் ஹான்ஸ் வைடிட்ஸ் செடிகளை நேரில் பார்த்தே வரைந்தார். வாடித் தொங்கும் இலையையும் முறிந்த காம்பையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை என்பதால், அவர் படம் அந்த ஒரு செடியின் உருவப்படமாகவே அமைந்தது.

தாவரவியலுக்கு வேண்டியதோ அந்த இனத்தின் படம். 1542இல் பாசலில் வெளிவந்த மருத்துவரும் தாவரவியலாளருமான லியோன்ஹார்ட் ஃபூக்ஸின் நூல் சுமார் ஐந்நூறு படங்களில் அதைத்தான் முயன்றது. இயற்கையில் ஒரே நாளில் சேர்ந்து காணக் கிடைக்காத மொட்டையும் பூவையும் கனியையும், வேரோடு சேர்த்து, பல படங்களில் ஒரே செடியில் வைத்துக் காட்டியது.

ஆல்பிரெக்ட் மேயர் வரைந்ததை ஹைன்ரிக் ஃபுல்மவுரர் மரக்கட்டையின் மேல் மாற்றி வரைய, ஃபைட் ருடால்ஃப் ஸ்பெக்லே செதுக்கினார். செதுக்குபவர் கோட்டைத் தொடுவதே இல்லை. அதன் இரு பக்கத்து மரத்தைத்தான் அகற்றுகிறார். எஞ்சிய கோடு வயல் வரப்பைப் போல் எழுந்து நிற்க, மை அதன் உச்சியில் மட்டும் ஒட்டுகிறது. கட்டையின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்றே என்பதால், படத்தையும் சொற்களையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அச்சிடலாம். மிக மெல்லிய கோடு அழுத்தத்தில் உடைந்துவிடும் என்பதால் நுண்ணிய நிழல்களுக்கு இதில் இடம் குறைவு. ஃபூக்ஸோ, நிழலிட்டுச் செடியின் இயல்பான வடிவை மறைக்க ஓவியர்களைத் தாம் அனுமதிக்கவில்லை என்று முன்னுரையிலேயே எழுதியவர். கருவியின் எல்லையும் அறிஞரின் தேவையும் இவ்வளவு அழகாகப் பொருந்திய இடங்கள் அறிவியல் வரலாற்றில் அரிது. அச்சில் இடவலம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது: கொடியைக் கட்டையில் திருப்பி வரையாவிட்டால், இடஞ்சுழியாகப் படர்வது தாளில் வலஞ்சுழியாகிவிடும்.

அம்மூவரின் உருவங்களையும் ஃபூக்ஸ் பெயருடன் நூலில் அச்சிட்டார். நம் ஆய்வுத் திட்டங்களிலும் ஓவியருக்கென்று நிலையான ஊதியத்துடன் பணியிடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பலவற்றை ஒரே செடியில் சேர்த்துக் காட்டும் ஃபூக்ஸின் முறையில் ஆபத்தும் உண்டு. தும்பைக் குடும்பத்து லேமியத்தின் படத்தில் வெள்ளை, மஞ்சள், ஊதாப் பூக்களை ஃபூக்ஸ் ஒரே செடியில் வைத்தார். பிற்காலத்தில் அவை தனித்தனி இனங்கள் எனப் பிரிக்கப்பட்டன. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பூவின் உறுப்புகளைக் கொண்டு தாவரங்களைப் பிரித்த 24 வகுப்புகளுக்காக, 1736இல் ஓவியர் கியோர்க் எக்ரெட் பூவின் உறுப்புகளைத் தனியே பிரித்து வரைந்தது, இத்தகைய குழப்பங்களைக் குறைக்கும் பாதையில் பெரிய அடி.

புகைப்படம் ஒரு செடியை ஒரு கணத்தின் வெளிச்சத்தில் காட்டுகிறது. ஓவியரோ பல மாதிரிகளை ஒப்பிட்டு, உருப்பெருக்கியின் கீழ்ப் பூவைப் பிரித்து, இனத்துக்குரியதை வைத்துக்கொண்டு மற்றதை விடுகிறார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்’ நூலிலுள்ள கேரளச் செடிகளின் படங்கள் சில, லின்னேயஸ் சூட்டிய பெயர்களுக்கு, உலர்ந்த மாதிரியின் இடத்தில் இன்றும் வகைமாதிரியாக, அதாவது அந்தப் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்பதை உறுதிசெய்யும் சான்றாக, நிற்கின்றன.