ராப்சோடி என்றால் பரவசம் இல்லை, கலம்பகம்

குயின் என்ற பிரிட்டன் ராக் இசைக்குழுவைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை அக்கா மகனோடும் அவன் அறைத்தோழனோடும் உட்கார்ந்து பார்த்தேன். தமிழில் வசனவரி இருந்தது. அவர்களுடைய ‘போஹிமியன் ராப்சோடி’ பாட்டின் பெயர் திரையில் வந்தபோது, கீழே ‘நாடோடிப் பரவசப் பாடல்’ என்று ஓடியது. ‘ராப்சோடி என்றால் பரவசம்’ என்று இதற்கு முன்பும் ஒரு பேச்சிலும் ஒரு கட்டுரையிலும் கண்டிருக்கிறேன். மூன்றாவது முறையும் கண்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அன்றைக்குப் பாட்டைப் பற்றி ஒரு சண்டையும் நடந்தது. அக்கா மகனுக்குப் பாட்டு பிடிக்கவில்லை. “இது ஒரு பாட்டே இல்ல மாமா. மூணு பாட்டை வெட்டி ஒட்டியிருக்காங்க. திரும்பத் திரும்ப வர்ற மாதிரி ஒரு பல்லவிகூட இல்ல. பரவசம்னு போட்டிருக்கான், எனக்கு ஒண்ணும் வரலையே” என்றான். தோழன் விடவில்லை. “அங்கிள், அந்த ஒட்டுதான் அழகே. அது இல்லன்னா இது சாதாரண சோகப்பாட்டு” என்றான். 1975 அக்டோபர் 31 அன்று பாட்டு வெளிவந்ததிலிருந்து கேட்பவர்களிடையே நடந்துவரும் சண்டைதான் இது. இதற்கான விடை பாட்டின் பெயரிலேயே இருக்கிறது. அதைத்தான் அந்த வசனவரி அழித்துவிட்டது.

முதலில் சொல்லின் வரலாறு. கிரேக்கத்தில் ‘ராப்டெய்ன்’ என்றால் தைத்தல், ‘ஓடே’ என்றால் பாட்டு. இரண்டும் சேர்ந்தால் தைத்த பாட்டு. ஹோமரின் காவியப் பகுதிகளை ஊர்த்திருவிழாக்களில் பாடிக் காட்டியவர்களுக்கு ‘ராப்சோடோஸ்’ என்று பெயர், அதாவது பாட்டுத் தைப்பவர். ஆங்கிலத்துக்குள் சொல் நுழைந்தபின் ஒட்டுப்போட்ட கலவைக்கும் அதுவே பெயரானது. ஹாம்லெட் தன் தாயைக் கடிந்து பேசும் காட்சியில், தாறுமாறாகக் கோத்த சொற்குவியல் என்ற பொருளில் ஷேக்ஸ்பியர் இதைக் கையாள்கிறார். உணர்ச்சி பொங்கப் பேசுவது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இசையில் இது தனி வடிவத்தின் பெயரானது 19ஆம் நூற்றாண்டில். பியானோவுக்கு ராப்சோடி என்று பெயரிட்டு எழுதிய முன்னோடிகளில் ஒருவர் டொமாஷெக் என்ற இசையமைப்பாளர். அவர் பிறந்து வளர்ந்தது பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில் என்பது குயின் ரசிகர்களுக்கு இனிக்கும். பிறகு ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற இசையமைப்பாளர் 19 ஹங்கேரிய ராப்சோடிகள் எழுதினார். அவற்றில் பல மெதுவாக நடக்கும் ‘லஷான்’ பகுதியில் தொடங்கி, வேகம் பிடிக்கும் ‘ஃபிரிஷ்கா’ பகுதிக்குத் தாவும். 1924இல் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் ஜாஸையும் செவ்வியல் இசையையும் ஒரே துணியில் தைத்து அதற்கும் ராப்சோடி என்றே பெயர் வைத்தார். எல்லா இடத்திலும் பொதுவாக இருப்பது தையல்.

பரவசக் கட்சிக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிளேட்டோவின் ‘இயோன்’ உரையாடலில் வரும் ராப்சோடோஸ், ஹோமரைப் பாடும்போது தன் கண்ணில் நீர் வழியும் என்கிறான். சாக்ரடீஸ், இது உன் திறமை இல்லை, தெய்வம் உன்னைப் பிடித்து ஆட்டுகிறது என்கிறார். பரவசம் என்றால் பிறர் வசமாதல் என்பதால் சொல் கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அது பாடுகிறவனுக்கு வருகிற நிலை. நாம் பெயர் தேடுவது பாட்டின் கட்டுமானத்துக்கு. ஒப்பாரி வைப்பவள் அழுகிறாள் என்பதற்காக ஒப்பாரிக்கு ‘கண்ணீர்’ என்று பெயர் வைப்போமா? தாலாட்டுக்கு ‘தூக்கம்’ என்று வைப்போமா? தாலாட்டு என்ற பெயர் நாவை ஆட்டுவதைச் சொல்கிறது, செய்கிற வேலையைச் சொல்கிறது. ராப்சோடியும் அப்படி ஒரு தொழிற்பெயர்.

வடசொல் என்பதால் பரவசத்தை நான் ஒதுக்கவில்லை. அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். பொருள் தவறு என்பதால் ஒதுக்குகிறேன். தவறான பெயர் தவறான அளவுகோலைக் கையில் கொடுத்துவிடும். அக்கா மகன் ‘எனக்குப் பரவசம் வரலையே’ என்றது அதனால்தான். இது தைத்த பாட்டு என்று முதலிலேயே சொல்லியிருந்தால், ஒட்டு தெரிகிறதே என்பதைக் குறையாகச் சொல்லாமல் தையல் நன்றாக இருக்கிறதா என்று கேட்டிருப்பான். அதுதான் இந்தப் பாட்டிடம் கேட்கவேண்டிய கேள்வி.

தையல் எங்கெங்கே என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டே காட்டலாம். 5 நிமிடம் 55 நொடி ஓடும் பாட்டு. முதல் 49 நொடி பல குரல்கள் அடுக்கடுக்காய் எழும் முன்னுரை. பிறகு பியானோவோடு ஒரு தனிக்குரல், தாயிடம் கொலையை ஒப்புக்கொள்கிற மகனின் குரல். 2:37க்குப் பிரையன் மேயின் கிடார். 3:05 வாக்கில் அது சட்டென்று அறுந்து, பியானோ மட்டும் ஒரே சீராகத் தட்டத் தொடங்கும். அங்கேதான் ஓபரா, அதாவது மேற்கத்திய இசைநாடகப் பாணியில் வரும் பகுதி: ஸ்கராமூஷ், கலிலியோ, பிஸ்மில்லா, பீல்செபப் என்று இத்தாலிய நாடகக் கோமாளியும் வானியலாளரும் இறைவன் பெயரும் பேய் பெயரும் முட்டி மோதும் ஒரு நிமிடம். 4:07க்கு முழு வேக ராக். 4:55க்கு எல்லாம் அடங்கி, கடைசியில் ரோஜர் டெய்லர் தட்டும் பெரிய சேகண்டியின் ஓசையோடு முடிகிறது.

இது ஒட்டுவேலை என்பதைப் பாட்டை எழுதிய குயின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியே மறைக்கவில்லை. தன்னிடம் இருந்த மூன்று பாட்டுகளைச் சேர்த்துவைத்தேன் என்று அவரே சொன்னார். மெர்குரி பியானோவில் முன்பகுதியை வாசித்துக் காட்டிவிட்டு, சட்டென்று நிறுத்தி ‘இந்த இடத்தில் ஓபரா வரும்’ என்றதைத் தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர் நினைவுகூர்ந்திருக்கிறார். தைப்பது வெறும் உவமையாகவும் நிற்கவில்லை. அன்று ஒலிப்பதிவு நாடாவில் நடந்தது. வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் தொடங்கிய வேலை, ஓபரா பகுதிக்கு மட்டும் பல நாள் இழுத்தது. மெர்குரி, மே, டெய்லர் மூவரும் ஒரே குரலை மேலே மேலே பதிந்து பதிந்து, நாடா தேய்ந்து மறுபக்கம் தெரிகிற அளவுக்குப் போனது. மெர்குரிக்கு இன்னொரு ‘கலிலியோ’ தோன்றும்போதெல்லாம் பேக்கர் நாடாவை வெட்டி இன்னொரு துண்டை ஒட்டினார். ஒட்டுகள் பெருகி, சுழலும் நாடாவே சாலையில் தீட்டிய வரிக்குதிரைக் கோடுகளைப்போல் ஓடியது என்பது அவர் சொன்னது. இதைக் கேட்ட பிறகும் ஒருவர் பரவசம் என்று எழுதினால், அவர் பாட்டைப் பற்றிப் படிக்கவே இல்லை.

தையலைப் பிரிக்கவும் முடிந்தது. 1970களின் மேடைகளில் ஓபரா பகுதி வந்ததும் நால்வரும் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள். பதிவு செய்த நாடா ஒலிக்கும். ராக் பகுதிக்குத் திரும்பி வருவார்கள். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி திடலில் லைவ் எய்ட் நிகழ்ச்சியில், ஓபராவுக்கு முன்பே அறுத்து அடுத்த பாட்டுக்குப் போனார்கள். இதையே ‘பார்த்தீர்களா, ஒட்டவில்லை’ என்று ஒரு சாராரும், ‘பார்த்தீர்களா, ஒவ்வொரு துண்டும் தனியே நிற்கிறது’ என்று மறு சாராரும் சொல்வார்கள்.

பொருளைப் பற்றியும் இதேபோல் இரண்டு கட்சி உண்டு. மெர்குரி தன் சொந்த வாழ்க்கையில் மறைத்துவைத்ததை இதில் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பார் சிலர். ஒலிக்காகச் சேர்த்த சொற்கள், அர்த்தம் தேடாதே என்பார் வேறு சிலர். அவர் கடைசிவரை விளக்கவில்லை. கேட்டவர்களே முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டார். சான்சிபாரில் பிறந்து, பஞ்ச்கனியில் படித்து, லண்டனுக்கு வந்த ஒரு பார்சிப் பையனின் வாயில் ‘பிஸ்மில்லா’ எப்படி வந்தது என்பதற்கு அவர் கடந்துவந்த ஊர்களே போதும் என்று எனக்குத் தோன்றும்.

அந்த வசனவரியில் ‘நாடோடி’யும் தவறு. பொஹீமியா வழியாக வந்தவர்கள் என்று எண்ணி ரோமா மக்களைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பொஹேமியன்’ என்றார்கள். அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில், ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்படாமல் வாழ்ந்த ஏழைக் கலைஞர்களுக்கு ஏறியது. அந்தக் கலைஞன் எங்கும் அலையவில்லை, வாடகை பாக்கியோடு ஒரே மாடியறையில் கிடந்தான். போதாதற்குத் தமிழில் ‘நாடோடிப் பாடல்’ என்பது ஏற்கெனவே நாட்டுப்புறப் பாடலின் பெயர். ‘நாடோடிப் பரவசப் பாடல்’ என்று படிக்கிறவர் கும்மியையோ தெம்மாங்கையோதான் எதிர்பார்ப்பார். பொஹீமியன் என்பதை அப்படியே விடுங்கள். பாட்டின் பெயரையும் மொழிபெயர்க்காதீர்கள், அது ஆள்பெயர் மாதிரி. தமிழ்ச்சொல் வேண்டியது ராப்சோடி என்ற வகைக்கு மட்டும்.

அந்த வகைக்கு எந்தச் சொல்? ‘ராகமாலிகை’ என்று ஒரு நண்பர் சொன்னார். பக்கத்தில் வருகிறது, ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. தவிர, ராகமாலிகையில் ராகம் மாறும், தாளம் பெரும்பாலும் மாறாது. போஹிமியன் ராப்சோடியில் நடையும் வேகமும் இசையின் சாதியே மாறுகின்றன. ‘கதம்பம்’ என்றால் பொருள் சரி. என் அம்மா கதம்பம் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நனைத்த வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இரண்டு மல்லி, இரண்டு கனகாம்பரம், நடுவில் ஒரு கிள்ளு மரிக்கொழுந்து, நாரை ஒரு சுற்று சுற்றி இழுப்பார். பூ மாறும், முடிச்சு மாறாது. ஆனால் இன்றைக்குக் கதம்பம் என்றால் கதம்பசாதம், கண்டதையும் கலந்தது என்ற நிழல் விழுந்துவிட்டது.

நான் சொல்வது கலம்பகம். தமிழில் சிற்றிலக்கிய வகைகளில் ஒன்று. வெண்பா, கலித்துறை, விருத்தம் என்று பாவும் பாவினமும் மாறிமாறி வரும். அம்மானை, ஊசல், தூது, மறம், களி, சித்து என்று 18 உறுப்புகள். காதலில் வாடும் பெண் பேசி முடித்ததும் கள் குடித்தவன் பேசுவான், அடுத்து இரும்பைப் பொன்னாக்குகிற சித்தன் பேசுவான். 3:05க்குக் கிடார் அறுந்து ஸ்கராமூஷ் நுழைகிற இடத்தில் எனக்கு ஏற்படும் திடுக்கிடல், நந்திக் கலம்பகத்தில் மறத்துக்குத் தாவும்போதும் ஏற்படுகிறது. மகள் கேட்டு வந்த தூதனை மறவன் மிரட்டி அனுப்புகிற பாட்டு அது.

‘கலம்பகத்துக்கு இலக்கணம் இருக்கிறது, 18 உறுப்பு வேண்டும், இந்தப் பாட்டில் ஏது?’ என்று புலவர் ஒருவர் மறுக்கலாம். சொல் இலக்கணத்துக்கு முந்தியது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சியில் ‘கலம்பகம் புனைந்த அலங்கலந் தொடையல்’ என்கிறார். அங்கே கலம்பகம் பல பூக்கள் கலந்தது, தொடையல் அதைத் தொடுத்த மாலை. பூவுக்கு இருந்த பெயர் பாட்டுக்கு வந்தது. ஹோமரைப் பாடியவனின் பெயர் லிஸ்டின் பியானோவுக்கு வந்ததும் இதே வழியில்தான். கிரேக்கன் ஊசியால் தைத்தான், நாம் நாரால் தொடுத்தோம். யாப்பில் நமக்குத் ‘தொடை’ என்ற சொல்லே இருக்கிறதே! ‘யாருக்கும் தெரியாத சொல்’ என்றும் ஒரு மறுப்பு வரும். ராப்சோடி என்ற சொல் மட்டும் எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு முறை எழுதினால் தெரிந்துபோகும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான். அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்துவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அந்தச் சொல் இங்கே எதைக் குறிக்கிறது என்று பார்ப்பதில்லை. இதே ஆவணப்படத்தில் கிளாசிக் ராக் ‘செவ்வியல் ராக்’ ஆகியிருந்தது. 1960, 70களின் ராக் பாட்டுகளைத் திரும்ப ஒலிபரப்ப அமெரிக்க வானொலிகள் பிற்பாடு வைத்த பெயர் கிளாசிக் ராக். செவ்வியல் என்றால் மொசார்ட்டும் தியாகராஜரும் வருவார்கள். ‘அந்தக்கால ராக்’ என்று எந்த டீக்கடையிலும் புரிகிற மாதிரி சொல்ல ஏன் தயங்க வேண்டும்?

கலம்பகத்தில் இன்னொன்றும் உண்டு. அது அந்தாதியாக ஓடும். ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டு தொடக்கமாக எடுத்துக்கொள்ளும், கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தில் போய்ச் சேரும். அதற்கு மண்டலித்தல் என்று பெயர். மறுநாள் காலை இதை அக்கா மகனிடம் சொல்லிவிட்டு, பாட்டின் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் மட்டும் கேட்கச் சொன்னேன். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு கேட்டான். முன்னுரை முடிகிற இடத்தில், காற்று எந்தப் பக்கம் வீசினால் என்ன என்று ஒரு வரி வருகிறது. ஓபராவும் ராக்கும் அடித்து ஓய்ந்த பிறகு, கடைசி வரியாக அதே காற்று திரும்ப வருகிறது.

“மாமா, முடிச்சு போட்டிருக்கான்” என்றான்.