யாரும் குளிக்காத நேரத்து நீச்சல் குளம்

வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிவரும் பெற்றோரிடம் விவரம் கேட்டால், "அப்போது யாருமே குளிக்கவில்லையே, டாக்டர்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். குளித்து முடித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள், அல்லது விருந்தினரை வழியனுப்ப வாசலுக்குப் போயிருப்பார்கள். தண்ணீரில் விட்டுவந்த பந்தை எடுக்கக் குழந்தை பின்வாசல் வழியாகத் தனியே போயிருக்கும். சத்தமும் கேட்டிருக்காது. மூச்சுக்குப் போராடும் குழந்தையால் கத்த முடியாது. தலை கனமாக இருக்கும் வயதில் கவிழ்ந்து விழுந்தால் தானாக நிமிரவும் முடியாது. பிராணவாயு கிடைக்காமல் மூளை சேதமடையச் சில நிமிடங்களே போதும்.

ஆகவே, கண்காணிப்பை மட்டும் நம்பாதீர்கள் என்பதே என் முதல் அறிவுரை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீட்டு நீச்சல் குளங்களுக்கென்று 1992 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அடியில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கதவு குளத்துக்கு எதிர்ப்புறமாகத் திறந்து, கையை விட்டதும் தானாக மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பண்ணை வீடுகளிலோ கூடத்துக் கதவைத் திறந்தால் நேரே குளம். காம்பவுண்டு சுவர் இருக்கிறதே என்பார்கள்; அது தெருவில் போகிறவரைத் தடுக்குமே தவிர, வீட்டுக்குள் விளையாடும் குழந்தையைத் தடுக்காது. வீட்டுச் சுவரையே நான்காவது பக்கமாக வைத்துக்கொள்ளாமல், குளத்தின் நான்கு பக்கமும் வேலி போடுங்கள். போட்ட பிறகு அதன் அருகில் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டுவைத்தால், மூன்று வயதுக் குழந்தை அதில் ஏறியே தாண்டிவிடும்.

கையில் மாட்டும் காற்று மிதவைகள் விளையாட்டுப் பொருள்களே. உயிர்காக்கும் சாதனங்கள் அல்ல. கோடையில் வாங்கும் காற்றடைத்த தொட்டியைக் குளித்து முடித்த உடனே காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். (குளமே இல்லாத வீட்டுக்காரர்கள் சம்ப் மூடியையும் குளியலறை வாளியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.) பிள்ளைகள் நீரில் இருக்கும்போது, இப்போது பார்த்துக்கொள்வது யார் என்று வாய்விட்டுச் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள். சித்தி பார்ப்பார் என்று மாமாவும், மாமா பார்ப்பார் என்று சித்தியும் இருந்துவிடுவது கூட்டம் நிறைந்த வீடுகளில்தான் நடக்கிறது. அந்தப் பொறுப்பில் இருப்பவர் கையில் கைப்பேசி வேண்டாம்.

மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும் வயிற்றை அமுக்குவதும் இன்றும் நடக்கின்றன. வாந்தி நுரையீரலுக்குள் போகும், பொன்னான நிமிடங்களும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் உடனே வாயோடு வாய் வைத்து ஐந்து முறை காற்றூத வேண்டும். கைக்குழந்தையானால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடிக்கொண்டு ஊதலாம். அப்போதும் அசைவில்லை என்றால் மார்பை 30 முறை அழுத்தி, இரண்டு முறை ஊதி, உதவி வரும்வரை தொடருங்கள். குழந்தை விழித்து அழுதுவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம் என்பதால், அதுவரை நாங்கள் கண்காணிப்பில் வைத்திருப்போம்.