நோய் அடுக்கில் ஒரு தன்வரலாறு

"மேடம், இந்தப் புத்தகம் ஏன் சர்க்கரை நோய்ப் புத்தகங்களோடு இருக்கிறது?"

கேட்டவள் பென்னாகரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் இரண்டாம் ஆண்டு மாணவி. அவள் கையில் இருந்தது, பெண்களை நேசிக்கும் பெண் ஒருவர் எழுதிய தன்வரலாறு. முதுகில் நான் ஒட்டிய சீட்டு: 616.85. தருமபுரியில் ஒரு கலைக்கல்லூரி நூலகத்தில் பத்தொன்பது வருடமாக நூலகராக இருக்கிறேன். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி தசமப் பகுப்பு முறையில் 616 என்றால் நோய்கள், 616.85 நரம்பு, மனநோய்ப் பகுதி.

நடந்தது இதுதான். மார்ச் 31க்குள் நிதியைச் செலவழித்துக் கணக்கு முடிக்க வேண்டும். நாற்பது புத்தகங்கள் ஒன்றாக வந்து இறங்கின. வேறொரு நூலகத்தின் பட்டியலிலிருந்து விவரங்களை அப்படியே எடுத்து ஒட்டினேன். எண்ணைப் பார்த்தேன், புத்தகத்தைப் பார்க்கவில்லை. மனதில் வன்மம் எதுவும் இல்லை. ஆனால் ஒருத்தியின் வாழ்க்கைக் கதை நோயாளிக் குறிப்பாகிவிட்டது.

அந்த எண் என் கையில் பிறந்ததும் அல்ல. 1932இல் டூயி பகுப்பில் தன்பாலீர்ப்பு என்ற பொருளுக்கு முதலில் இடம் கிடைத்தபோதே, அதைக் கொண்டுபோய் மனப்பிறழ்வுக்கும் பிறழ்நிலை உளவியலுக்கும் கீழே வைத்தார்கள். பிறகு மருத்துவத்தில் ஒரு கால், சமூகவியலில் ஒரு கால். இப்போதைய இடம் 306.76, பாலியல் நாட்டம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும் உலக சுகாதார நிறுவனம் 1990இலும் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. பழைய எண்ணை நகலெடுக்கும் நூலகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தடை என்றால் புத்தகத்தை எரிப்பது, போலீஸ் வந்து அள்ளிப்போவது என்றுதான் நினைக்கிறோம். என் தொழிலில் நான் பார்த்த தடைக்கு அவ்வளவு சத்தம் இல்லை. பட்டியலில் ஒரு கட்டம் மாறும். புத்தகம் இருக்கும், ஆனால் கிடைக்காது.

2009 ஏப்ரலில், ஈஸ்டர் வார இறுதியில், அமேசானில் இது பெரிய அளவில் நடந்தது. தன்பாலீர்ப்பு தொடர்பான ஆயிரக்கணக்கான புத்தகங்களின் விற்பனைத் தரவரிசை எண் திடீரென்று காணாமல் போனது. எண் போனால் என்ன என்று கேட்கலாம். அந்த எண் இல்லாத புத்தகம் அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் ஏறாது. சில தேடல்களிலும் தலைகாட்டாது. காரணம் கேட்ட எழுத்தாளர் ஒருவருக்கு, "வயது வந்தோருக்கான" நூல்களை ஒதுக்குகிறோம் என்று முதலில் பதில் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1956இல் வெளியிட்ட நாவலே அந்த ஒதுக்கலில் சிக்கியது. நிர்வாணப் பெண்களின் படத்தொகுப்பு ஒன்று மட்டும் தரவரிசையோடு சுகமாக இருந்தது! தன்பாலீர்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடியவர்களுக்கு முதலில் வந்து நின்றது, பிள்ளைகள் 'அப்படி' ஆகாமல் தடுப்பது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்லும் புத்தகம்.

எதிர்ப்பு கிளம்பிய பிறகு, இது பட்டியலிடுவதில் நேர்ந்த வெட்கக்கேடான பிழை என்று நிறுவனம் சொன்னது. பாதிக்கப்பட்டவை 57,310 நூல்கள். உடல்நலம், இனப்பெருக்க மருத்துவம் சார்ந்தவையும் அதில் அடக்கம் என்றது. பிழை என்பதை நான் நம்புகிறேன். நானும் அதே பிழையைத்தான் செய்தேன், என்னுடையது ஒரே ஒரு புத்தகம். ஆனால் கை தவறும்போதெல்லாம் ஏன் அந்தப் பக்கமே சாய்கிறது?

2022இல் நடந்ததைப் பிழை என்று சொல்ல முடியாது. ஐக்கிய அரபு அமீரக அரசின் அழுத்தத்துக்குப் பணிந்து, அந்நாட்டுத் தளத்தில் இந்தப் பொருள் தொடர்பான தேடல்களை அமேசான் மறைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், பாலியல் அடையாளத்தை மனநோயாகச் சித்திரிக்கும் புத்தகங்களை இனி விற்க மாட்டோம் என்று அதே நிறுவனம் அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பு எனக்குப் பிடித்தது. இருந்தாலும் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற சாவி ஒரே கடைக்காரரிடம் இருப்பது நூலகராக எனக்கு உறுத்துகிறது.

நம் ஊருக்கு வருவோம். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு குறித்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு 2018 செப்டம்பர் 6 அன்று வந்தது. வயது வந்தவர்களின் விருப்ப உறவு குற்றமல்ல என்றானது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சியாக, தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்டோரைக் குறிக்கும் மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. பட்டியலிடுபவளுக்கு இது பெரிய விஷயம். 'ஓரினச்சேர்க்கை' என்ற பழைய சொல் படுக்கையைத் தவிர வேறெதையும் பார்க்காது. 'தன்பாலீர்ப்பு' அப்படியல்ல. இப்போது இரண்டு சொற்களையும் தேடுசொற்களாகப் பதிவு செய்கிறேன். எந்தச் சொல் தெரிந்தவர் வந்தாலும் புத்தகம் கிடைக்க வேண்டும். இணையக் கடையில் தேடுபவர்களுக்கும் இதையே சொல்வேன்: பொருளைப் போட்டுக் கிடைக்கவில்லை என்றால் புத்தகம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆசிரியர் பெயர், பதிப்பகம், பின்னட்டையிலுள்ள பதின்மூன்று இலக்க எண் என்று மாற்றித் தேடுங்கள். பதிப்பகத்துக்கே போன் செய்யலாம். நூலகரிடம் வாங்கச் சொல்லியும் கேட்கலாம்.

கடையில் கிடைத்தாலும் வாங்க முடியாதவர்கள் இங்கே அதிகம். குடும்பத்துக்கே ஒரு கணக்கு; வாங்கியவற்றின் பட்டியலை அண்ணன் பார்ப்பான். பார்சலைப் பக்கத்து வீட்டு அக்கா வாங்கி வைத்து, என்ன புத்தகம் என்று கேட்பார். அவர்களுக்கு நூலகம்தான் கதி. அங்கே நாங்கள் என்ன செய்கிறோம்? திருப்பித் தராதவர்களின் பெயரைப் புத்தகத் தலைப்போடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். நானும் பல வருடம் ஒட்டியிருக்கிறேன். இப்போது வரிசை எண்ணும் தேதியும் மட்டும்தான். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவரது நூல்' என்று 1931இல் விதி வகுத்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். அந்த வாசகரை ஊருக்குக் காட்டிக்கொடு என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

பழைய சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு 306.76 ஒட்டினேன். அடுத்த முறை வந்தபோது அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மலரவில்லை.

"பழைய இடத்திலேயே இருந்திருக்கலாம் மேடம். அங்கே யாரும் வர மாட்டார்கள்."

306ஆம் அடுக்கு பத்திரிகை மேசைக்கு நேர் எதிரே இருக்கிறது. பேராசிரியர்கள் காலையிலிருந்து மாலைவரை அங்கேதான் அமர்ந்திருப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை உதவியாளரோடு சேர்ந்து மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினோம். இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று பேராசிரியர்கள் சொன்னார்கள்.