கிரியேட்டினின்: ஊனிலிருந்து வந்த சொல்

"உப்பு ஏறியிருக்குன்னு டாக்டர் சொன்னார்." சிறுநீரக நோயாளி இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு கட்டாயம் எழும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஏறியிருப்பது கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள். பேச்சு வழக்கில் யூரியாவும் உப்பு, கிரியேட்டினினும் உப்பு. சாப்பாட்டில் உப்பை அடியோடு நிறுத்திவிட்டு, எண் இறங்கவில்லையே என்று கலங்குகிறவர்கள் உண்டு. சிலர் பொட்டாசியம் கலந்த மாற்று உப்புக்குப் போய்விடுகிறார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதபோது பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். ஒரு சொல் தவறிப் போனால் இவ்வளவு தூரம் போகிறது.

கிரேக்கத்தில் 'கிரேயாஸ்' என்றால் ஊன், தசை. 1832-இல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சிச் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்குக் கிரியேட்டின் என்று பெயர் வைத்தார். அதிலிருந்து பிறக்கும் பொருளுக்குக் கிரியேட்டினின் என்று 1847-இல் பெயரிட்டவர் ஜெர்மனியின் லீபிக். கணையத்தின் ஆங்கிலப் பெயரான பான்கிரியாசிலும் இதே வேர்தான் இருக்கிறது: முழுக்க ஊன் என்று பொருள்.

தசையில் இருக்கும் கிரியேட்டினில் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு சதவீதம் தானாகவே கிரியேட்டினினாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வரத்து ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால், ரத்தத்தில் அளவு கூடினால் பெரும்பாலும் வடிகட்டி தளர்ந்துவிட்டது என்று பொருள். நோயாளிகளிடம் வழக்கமாகக் காணும் அளவில் கிரியேட்டினின் பெரிய நஞ்சும் அல்ல. கெடுதல் செய்பவை கூடவே தேங்கும் பொட்டாசியம், அமிலம், நீர் ஆகியவை. கிரியேட்டினின் அவற்றுக்கு அடையாளம், அவ்வளவுதான்.

அதனால் எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது, அது நகர்வதைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமைச் சீட்டில் 0.7, புதன்கிழமைச் சீட்டில் 1.1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே பலருக்கு இயல்பு அளவுக்குள்தான் வரும், சீட்டில் சிவப்புக் குறிகூட இருக்காது. ஆனால் 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலே அது திடீர்ச் சிறுநீரகக் காயம், அதாவது சிறுநீரகத்தின் வேலை சட்டென்று தளர்வது, என்கிறது 2012-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கானாலும் அப்படித்தான். இத்தனை சிறிய ஏற்றம்கூட மருத்துவமனையில் இறப்பு அபாயம் கூடுவதோடு சேர்ந்தே காணப்படுகிறது. காயம்பட்ட பிறகு எண் ஏறவே ஓரிரு நாள் ஆகும் என்பதால், சீட்டில் தெரியும்போது நாம் ஏற்கெனவே பின்தங்கியிருக்கிறோம். தசை வற்றிய முதியவருக்கு வரத்தே குறைவு, அவருடைய 1.0 ஆறுதல் தரும் எண் அல்ல.

'திடீர்' என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் இந்தக் காயத்துக்கு முன்னால் வரும் 'அக்யூட்' என்பதைக் 'கடுமையான' என்று பெயர்க்கிறார்கள். லத்தீனில் அது கூர்மையைக் குறிக்கும். மருத்துவத்திலோ வேகத்தைக் குறிக்கும். கடுமை குறைந்த அக்யூட் காயமும் உண்டு. காரணத்தைச் சீக்கிரம் கண்டு சரிசெய்தால் பலருக்குச் சிறுநீரகம் மீள்கிறது. எண் பழைய இடத்துக்கு இறங்கிய பின்னும் நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல், ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், தமிழில் என்ன சொல்லலாம்? 'ஊன்கழிவு' வேருக்கு மிக நெருங்கியது, ஆனால் இன்று ஊன் என்றால் பலருக்குச் சட்டென்று பிடிபடாது. என் தேர்வு 'தசைக்கழிவு'. சீட்டில் கிரியேட்டினின் என்றே இருக்கட்டும், அது ஒரு வேதிப்பொருளின் பெயர். நோயாளியிடம் பேசும்போது மட்டும், "உங்கள் ரத்தத்தில் தசைக்கழிவு கூடியிருக்கிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். எங்கிருந்து வருகிறது, எங்கே தடைபடுகிறது என்ற இரண்டும் அதிலேயே இருக்கின்றன.