சீசன் நேரத்தில் உங்கள் கண்டெய்னரை இழுக்கும் பழைய இஞ்ஜின்

ஆகஸ்டு பிறந்தால் எனக்கு வரும் வாட்சப்பில் பாதி அமெரிக்க ரயில் வீடியோக்கள்தான். பட்டர்வொர்த்தில் ஃபார்வர்டிங் வேலை. பிறை, சிம்பாங் அம்பாட், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்களின் சரக்கைக் கப்பலேற்றி, அது அமெரிக்காவின் உள்ளே இருக்கும் கிடங்கு வரை போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. போன சீசனில், பிளாஸ்டிக் பெட்டி செய்கிற ஒரு தம்பி வீடியோவை அனுப்பினார், நான் அதைப் பார்த்து முடிப்பதற்குள் போனும் அடித்துவிட்டார்.

"அண்ணே, முன்னால ரெண்டு புது இஞ்ஜின். மூணாவதா பெயிண்ட் எல்லாம் உரிஞ்சுபோன ஒரு கெழட்டு இஞ்ஜின் ஓடுது பாருங்க. நம்ம சரக்கும் இந்த லைன்லதான போகுது? நடுக்காட்டுல நின்னுடுச்சுன்னா கிறிஸ்துமஸுக்கு எப்படிண்ணே போய்ச் சேரும்?"

நியாயமான கேள்வி. வருஷா வருஷம் யாராவது ஒருவர் கேட்பதுதான். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

பழைய இஞ்ஜின் ஏன் வெளியே வருகிறது? அமெரிக்காவில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை பண்டிகைக்கால இறக்குமதி லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் வந்து குவியும். அதே சமயத்தில் மக்காச்சோளமும் சோயாவும் அறுவடையாகி அதே ரயில்களைத் தேடி வரும். இந்த மூன்று நான்கு மாத நெருக்கடிக்காகப் பல மில்லியன் டாலர் விலையுள்ள புது இஞ்ஜின்களை வாங்கி, மீதி மாதங்களில் சும்மா நிறுத்திவைக்க எந்த முதலாளிக்கும் மனசு வராது. ஆக, பழையதை விற்றுவிடாமல் ஏதோ ஒரு ஓரத்துத் தண்டவாளத்தில் வரிசையாக நிறுத்திவைத்திருப்பார்கள், கூட்டம் கூடும்போது எடுத்து ஓட்டுவார்கள். யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப் போன்ற பெரிய கம்பெனிகளுக்கு இது வழக்கமான ஏற்பாடு. சில வருடங்களுக்கு முன் செலவைக் குறைக்கிறோம் என்று இவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஆயிரக்கணக்கில் இஞ்ஜின்களை நிறுத்திவைத்தார்கள், பிறகு சரக்கு ஏறியதும் அவற்றிலிருந்தே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டிவந்தது.

தம்பி அனுப்பிய வீடியோவில் ஓடியது எஸ்டி40-2 ரகம். 1972இல் சந்தைக்கு வந்த மாடல், 16 சிலிண்டர், 3000 குதிரைத்திறன். இன்றைய புது இஞ்ஜின் 4400 குதிரைத்திறன் தருகிறது, எண்ணெயும் குறைவாகக் குடிக்கும், புகையும் குறைவு. அப்படியானால் எஸ்டி40-2 ஓட்டை உடைசலா என்றால், இல்லை. ரயில் இஞ்ஜினைக் காரைப் போல் எடைபோடக் கூடாது. அதன் அடிச்சட்டம் அரை நூற்றாண்டு தாங்கும். உள்ளே இருக்கும் பிஸ்டன், லைனர், சிலிண்டர் ஹெட், கனெக்டிங் ராடு எல்லாம் ஒரே தொகுதியாகக் கழன்று வரும், அதைத் தூக்கிவிட்டுப் புதிதை இறக்கினால் அந்த சிலிண்டர் புதுசுதான். ஐம்பது வருஷத்து இஞ்ஜின் என்று நீங்கள் பார்ப்பதில் பல பாகங்களின் வயது ஐந்தாறு வருஷம்கூட இருக்காது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அமெரிக்க ரயில்வே சட்டப்படி ஓட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு இஞ்ஜினையும் தினமும் ஒருமுறை பார்க்க வேண்டும், அது போக 92 நாளுக்கு ஒருமுறை முழுச் சோதனை. தன் உடல்நிலையைத் தானே கண்காணிக்கும் கம்ப்யூட்டர் உள்ள நவீன இஞ்ஜினுக்கு மட்டும் அது 184 நாள். அதாவது கிழட்டு இஞ்ஜினுக்குத்தான் டாக்டர் அடிக்கடி வருகிறார். அது ஏன் மூன்றாவதாக ஓடியது என்பதற்கும் காரணம் உண்டு. 2008இல் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் மோதி 25 பேர் இறந்தார்கள். சிக்னலை மீறினாலோ வேகத்தை மீறினாலோ ரயிலைத் தானே நிறுத்தும் கருவி முக்கியப் பாதைகளில் கட்டாயம் என்ற சட்டம் அதே வருடம் வந்தது, 2020 முடிவில் முழுமையாக அமலுக்கு வந்தது. அந்தக் கருவி பொருத்தப்படாத பழைய இஞ்ஜின் அந்தப் பாதைகளில் முன்னால் நின்று ரயிலை நடத்த முடியாது, பின்னால் நின்று இழுக்கத்தான் முடியும்.

சரி, வயதால் ஒரு குறையுமே இல்லையா? உண்டு. லாஸ் ஏஞ்சலஸை விட்டுக் கிழக்கே கிளம்பும் கண்டெய்னர் ரயில்களில் பல கஹோன் கணவாய் என்ற மலைப்பாதையை ஏற வேண்டும். நூறு மீட்டர் போவதற்குள் இரண்டு மீட்டருக்கு மேல் உயரும் ஏற்றம் அது. மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக்கூட வருகிற ரயில், அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்குக் கண்டெய்னர். டீசல் இஞ்ஜின் மின்சாரம் தயாரிக்கும், சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். பழைய இஞ்ஜின்களில் இருப்பது டிசி மோட்டார். முழு பாரத்தோடு ஊர்ந்து ஏறும்போது அது சூடாகும், அந்தச் சூட்டை இத்தனை நிமிடம்தான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு, அதற்கு மேல் போனால் சுருள் கருகிவிடும். புது ஏசி மோட்டார் இந்த விஷயத்தில் ரொம்பப் பொறுமைசாலி. ஆகையால் மூன்றில் ஒன்று மலைப்பாதியில் கைவிட்டால் மீதி இரண்டும் திணறும், பின்னால் வரும் ரயில்களும் நிற்கும். இப்படி நின்றால் சில மணி நேரம் போகும். அரை நாள் போனாலும் போகலாம். கிறிஸ்துமஸ் சரக்கை அது ஒன்றும் செய்துவிடாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது, தூங்கிக்கொண்டிருந்த இஞ்ஜினை எழுப்புகிற விதம். எங்கள் தாமானில் செந்தூல் ரயில்வே பட்டறையில் டீசல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா இருக்கிறார். நிறுத்திவைத்த இஞ்ஜினை எப்படி எழுப்புவீர்கள் என்று ஒருமுறை அவரைக் கேட்டேன். "எடுத்ததும் ஸ்டார்ட்டரத் தட்டுறவன் மெக்கானிக்கே இல்ல" என்று ஆரம்பித்தார்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சின்ன சோதனை வால்வு இருக்கும். எல்லாவற்றையும் திறந்துவிட்டு, இஞ்ஜினைக் கம்பி போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஏதாவது ஒரு வால்விலிருந்து தண்ணீர் துப்பினால் உள்ளே எங்கோ கசிவு இருக்கிறது, அன்றைக்கு அந்த இஞ்ஜின் கிளம்பாது. தெரியாமல் ஸ்டார்ட் செய்தால், தண்ணீர்தான் அமுங்காதே, கனெக்டிங் ராடு வளைந்து இஞ்ஜினே போய்விடும். அப்புறம் எண்ணெய்: நாள்கணக்காக நின்றதில் பேரிங்குகளை விட்டு வடிந்திருக்கும், தனியாகப் பம்ப் வைத்து ஏற்றிய பிறகுதான் சுற்றலாம். மோட்டார்களில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று மெக்கர் என்ற மின்கசிவு சோதிக்கும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். டீசல் தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் காய்ந்து வெடித்திருக்கும். மணல் பெட்டியில் மணல் கட்டியாகியிருக்கும், அது கொட்டாவிட்டால் ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். அமெரிக்காவில் கூடுதலாக ஒரு தொல்லை: அங்கே பெரும்பாலான இஞ்ஜின்களில் உறைதடுப்பு மருந்து கலக்காத வெறும் தண்ணீர்தான் குளிரூட்டிக்கு, குளிர்காலத்தில் அணைத்து நிறுத்தினால் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும், எங்காவது கொஞ்சம் மிச்சமிருந்து உறைந்தால் வெடிப்புதான்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய நேரம் வேண்டும். ஆனால் இஞ்ஜின் தேவைப்படுவதே யாருக்கும் நேரமில்லாத சீசனில்.

அவசர ரிப்பேர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கனடாவின் லாக் மெகான்டிக் ஊரைப் பார்த்தால் போதும். 2013 ஜூலை 6, நள்ளிரவு தாண்டிய நேரம். கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்கர் வேகன்களோடு மேட்டில் ஆளில்லாமல் நிறுத்திவைத்திருந்த ரயில் தானாக உருண்டு ஊருக்குள் இறங்கித் தடம் புரண்டு எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். முன்னால் இருந்த இஞ்ஜின் ஜிஇ சி30-7, 1976க்கும் 1986க்கும் இடையில் தயாரான ரகம். விபத்துக்கு எட்டு மாதம் முன்பு அது பழுதாகிப் பட்டறைக்குப் போயிருந்தது. முறையான ரிப்பேருக்குச் செலவும் நாளும் அதிகம், இஞ்ஜினோ உடனே வேண்டும் என்பதால் எபாக்சி பசை போன்ற ஒன்றை வைத்து உள்ளே ஒப்பேற்றியிருந்தார்கள் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரிய அறிக்கை சொல்கிறது. அந்த ஒட்டு விட்டுப்போய், எண்ணெய் டர்போவில் தேங்கி, அன்றிரவு தீப்பிடித்தது. தீயை அணைக்க வந்தவர்கள் இஞ்ஜினை நிறுத்தினார்கள். இஞ்ஜின் நின்றதும் ஏர் பிரேக்குக்குக் காற்று தருவது நின்றது. போட்டிருந்த கைப்பிரேக்குகள் போதவில்லை. அந்த அறிக்கை ஒரே காரணத்தைச் சொல்லவில்லை, பலவற்றை அடுக்குகிறது, ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி அந்த ஒட்டுதான். இஞ்ஜின் பழசு என்பதைவிட, அதைச் சீக்கிரம் வெளியே அனுப்ப வேண்டும் என்று பட்டறைக்குக் கொடுத்த நெருக்கடி பெரிய விஷயமாகப் படுகிறது எனக்கு.

சரி, சிம்பாங் அம்பாட்டில் உட்கார்ந்துகொண்டு கலிஃபோர்னியாவில் எந்த இஞ்ஜினை எப்படி ரிப்பேர் செய்தார்கள் என்று நாம் கேட்க முடியுமா? முடியாது. ஆனால் பழைய இஞ்ஜின்கள் கூட்டமாக வெளியே வருகின்றன என்ற செய்தியை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். இஞ்ஜினைக் கிடங்கிலிருந்து எடுத்துவிடலாம், டிரைவரையும் கண்டெய்னர் இறக்கும் யார்டில் இடத்தையும் அப்படி எடுக்க முடியாது. 2022இல் அமெரிக்காவில் நடந்த பொது விசாரணையில் வெளிவந்த கணக்கு இது: பெரிய ரயில் கம்பெனிகள் ஆறு வருடத்தில் சுமார் 45,000 பேரைக் குறைத்திருந்தன. 2021 ஜூலையில் யூனியன் பசிபிக், மேற்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து சிகாகோ பக்கத்து ஜோலியட் யார்டுக்குப் போகும் கண்டெய்னர்களை ஒரு வாரம் வரை நிறுத்திவைத்தது. பிரச்சினை இஞ்ஜினில் இல்லை. யார்டு நிரம்பிவிட்டது, கண்டெய்னரை ஏற்றி லாரி வெளியே இழுத்துப்போகும் சக்கரச் சட்டம், அதாவது சேசிஸும் போதவில்லை. உங்கள் சரக்கை நிறுத்துவது பெரும்பாலும் இந்த மாதிரிக் காரணம்தான்.

சிகாகோ பக்கம் சரக்கு அனுப்புகிறவர்களிடம் ஆகஸ்டுக்கு முன்பே நான் கேட்பதெல்லாம் காசு சம்பந்தப்பட்டவைதான். எஃப்ஓபி பினாங்கு என்று விற்றிருக்கிறீர்களா? அப்படியானால் இங்கே கப்பலில் ஏற்றியதோடு உங்கள் பொறுப்பு பெரும்பாலும் முடிந்தது, நிம்மதியாகத் தூங்கலாம். டிடிபி என்று, அதாவது வாங்குபவர் வாசல்வரை எல்லாச் செலவும் என்னுடையது என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அங்கே யார்டில் ஏறும் ஒவ்வொரு நாள் வாடகையும் உங்கள் தலையில். ஆன்லைனில் நேரடியாக விற்கும் இளைஞர்கள் இதைப் படிக்காமலேயே ஒப்புக்கொள்கிறார்கள், எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. வழியில் தாமதமான ரயில்கள் சேர்ந்தாற்போல் நான்கைந்து ஒரே நாளில் யார்டுக்குள் நுழையும். எல்லாருடைய கண்டெய்னரும் ஒரே நேரத்தில் கீழே இறங்கும், எல்லாருக்கும் யார்டு வாடகை இல்லாத இலவச நாள்கள் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும், சேசிஸ் மட்டும் கிடைக்காது. வாங்குபவரின் லாரிக்காரர் பெயரையும் நம்பரையும் கப்பல் கரை தொடும் முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். வழக்கமான கடல் சரக்குக் காப்பீட்டில் எல்லாவற்றையும்விட விரிவான ஏ பிரிவிலேயே தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு இழப்பீடு கிடையாது. காப்பீடு செய்த ஆபத்தே அந்தத் தாமதத்துக்குக் காரணமாக இருந்தாலும் கிடையாது, 4.5ஆம் விதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ரயில் கவிழ்ந்து பெட்டி உடைந்தால் பணம் வரும். ஜனவரியில் போய்ச் சேர்ந்த கிறிஸ்துமஸ் பெட்டிக்கு ஒரு வெள்ளி வராது.

நம் ஊர்ப் பக்கமும் இதே கதை சின்ன அளவில் நடக்கிறது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை மின்சார இரட்டைப் பாதை 2014இல் வந்துவிட்டது, ஆனால் தென் தாய்லாந்து சரக்கைப் பாடாங் பெசாரிலிருந்து பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு இழுத்து வருவது இன்றும் டீசல் இஞ்ஜின்தான், மின்கம்பிக்கு அடியிலேயே புகைவிட்டுக்கொண்டு. நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முன்பின் சில நாள் கனரக லாரிகளுக்குச் சாலையில் தடை போடுவார்கள். தடை வருவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று எல்லாரும் ஒரே வாரத்தில் ரயிலில் இடம் கேட்டு வருவார்கள். அந்த வாரத்தில் எந்த இஞ்ஜின் இழுக்கிறது என்று கேட்பதில் பிரயோசனமில்லை. இரண்டு வாரம் முன்னால் புக்கிங் போடுங்கள்.

அந்தத் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் விற்றிருந்தது டிடிபியில். இந்த வருஷம் வாங்குபவரிடம் பேசி, யார்டுக்குப் போன பிறகு ஏறும் வாடகையை ஆளுக்குப் பாதி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சரக்கை ஜூலையிலேயே கப்பலேற்றுவதாகச் சொல்கிறார். வீடியோ அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை.