நெறிமுறை சுவரில், மருந்து பூட்டுக்குள்

பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு மிகுந்தால் என்ன செய்வீர்கள் என்று பயிற்சிக்கு வரும் செவிலியர்களிடம் கேட்டால் மளமளவென்று சொல்கிறார்கள். இரத்தக் கட்டி கரையாமல் காத்து உதிரப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள். சுவரில் லாமினேட் செய்து மாட்டியிருப்பதும் அதுதான். அந்த மருந்து இருக்கும் அலமாரியின் சாவி யாரிடம் என்று அடுத்துக் கேட்பேன். இரவுப் பணியில், டாக்டர் வேறொரு அறுவையில் இருக்கும்போது, உத்தரவுக்குக் காத்திராமல் ஊசி போடலாமா? இங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அதனால், 'இன்னொரு வகுப்பு எடுத்துவிடலாம்' என்ற தீர்வில் எனக்கு நம்பிக்கை குறைவு.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த இ-மோடிவ் ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. அதில் புதுமருந்து எதுவும் கிடையாது. தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரித்தார்கள். வடியும் இரத்தம் அதன் பையில் சேரும். 500 மி.லி. கோட்டைத் தொட்டால் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். நாடியோ இரத்த அழுத்தமோ சரியில்லையென்றால் 300-லேயே. கண்ணளவில் 'கொஞ்சம்தான் போயிருக்கிறது' என்று சொல்லும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. பெரிய இழப்பைக் கண் குறைத்தே மதிப்பிடும். கருப்பையைத் தேய்ப்பது, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின், ட்ரானெக்ஸாமிக் அமிலம், நரம்புவழித் திரவம், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்று பலிக்கிறதா என்று பார்த்து அடுத்ததற்குப் போகாமல், ஒரே மூச்சில் செய்தார்கள். வேண்டிய பொருள்கள் ஒரே தள்ளுவண்டியில் அல்லது பெட்டியில் தயாராக இருந்தன.

வழக்கமான பராமரிப்பில் உதிரப்போக்குகளில் 51 சதவீதம்தான் கண்டறியப்பட்டது; இந்த முறையில் 93. கடுமையான உதிரப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் நேரும் மரணம் மூன்றும் சேர்ந்து 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தன.

மறுபக்கமும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் மட்டும் உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைப் பயிற்றுநர் துணையுடன் நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். பயிற்றுநர் வந்துபோன மாதங்களில் நடைமுறைகள் மேம்பட்டன; வருகை நின்றபின் தளர்ந்தன. மற்றப் பாதியோடு ஒப்பிட்டால் தாய், சேய் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை.

இ-மோடிவ் மருத்துவமனைகளில் தூண்டுகோலாக இருந்தவர்கள் உள்ளேயே பணிபுரிந்தவர்கள். தங்கள் வார்டின் புள்ளிவிவரமும் அவர்கள் கைக்கே திரும்பி வந்தது. வெளியாள் நச்சரிப்பதைவிட இதற்கு வலு அதிகம் என்பது என் எண்ணம்.

பயிற்சி கேட்டு வரும் துறைத் தலைவர்களிடம் இப்போது முதலில் ஒரு தாளைத்தான் கேட்கிறேன்: கோட்டைத் தொட்டதும் பணியிலிருக்கும் செவிலியரே முதல் டோஸைப் போடலாம் என்ற நிலையாணை, கையொப்பத்துடன். பலருக்கு அது வகுப்பு நடத்துவதைவிடச் சிரமமாக இருக்கிறது.